பரிசு முகத்திற்கா, முதுகிற்கா?

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்று நம் பெரியோர் சொல்வர். உடல் நலத்தைப் பேணச் சொல்லும்போதும், பொறுமையைப் போதிக்கும்போதும் இப்பழமொழியை நாம் கேட்டிருக்கிறோம். இன்று நான் இதனை அதன் நேரான பொருளிலேயே எடுத்துக்கொண்டு சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன். சித்திரம் வேண்டும், அது தங்குவதற்குச் சுவரும் வேண்டும். அவ்விரண்டையும் இணைத்துப் பிடித்திருக்கும் சிறு கம்பி வளையம் ஒன்று உண்டே, அதைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

ஆண்டுதோறும் நம் பள்ளிக் கைவினைக் கண்காட்சியில் பாரிஸ் சாந்தினால் செய்த சுவர் அலங்காரங்கள் வரிசை வரிசையாக இடம்பெறுவதை அனைவரும் அறிவோம். மயில், தாமரை, தோணி, முத்துச்சிப்பி, தேவ அன்னையின் திருமுகம் என்று அவை கண்ணைப் பறிக்கின்றன. பெற்றோர் வருகின்றனர், பாராட்டுகின்றனர். நடுவர் மேசையருகே நின்று பார்த்து மதிப்பெண் இடுகின்றனர். "மேசையருகே" என்று சொன்னதைக் கவனிப்பீர்களாக. சுவரில் தொங்குவதற்கென்றே செய்யப்பட்ட பொருளை நாம் மேசையின் மேல் கிடத்தி வைத்துப் பரிசளிக்கிறோம்! நீந்தத் தெரியுமா என்பதைக் கரையில் நிறுத்தி வைத்துச் சோதிப்பது போன்றதல்லவா இது?

இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு தகுதி உண்டு. அத்தகுதி, ஒரு முறை முதற்பரிசு பெற்றுப் பின் வெட்கப்பட்டதே ஆகும்.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, 2023-ஆம் ஆண்டு சனவரியில் நடந்த கண்காட்சிக்கு ஒரு தோணி செய்தேன். தூத்துக்குடியில் பிறந்தவளுக்குத் தோணியை விட வேறெது மனத்தில் தோன்றும்? களிமண் பலகையில் பாய்மரங்களையும் அலைகளையும் குழிவாகச் செதுக்கினேன். சாந்தைக் கரைத்து ஊற்றி, உலர வைத்து, நீலமும் பொன்வண்ணமும் தீட்டினேன். பாயின் மடிப்புகளுக்கு மட்டும் இரண்டு மாலைப் பொழுதுகள் செலவாயின. ஊற்றிய சாந்து பாதி இறுகிய பிறகே, இதை மாட்டுவதற்கு ஒன்றும் வைக்கவில்லையே என்ற நினைவு வந்தது. தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி, அதன் இரு கால்களையும் முதுகில் நேராகக் குத்தி வைத்தேன். அது நின்றது. நான் மகிழ்ந்தேன்.

முதற்பரிசு கிடைத்தது. அம்மா அதை முன் அறையில் மாட்டச் செய்தார்கள். வந்தவர்களெல்லாம் பார்த்து வியந்தனர். மே மாதத்தில் ஒருநாள் மதியம், அதன் நேர் கீழே பாய் விரித்துப் படுத்திருந்த என் தம்பி தண்ணீர் குடிக்க எழுந்து அடுக்களைக்குப் போனான். அவன் செம்பை எடுக்கும் ஓசையோடு முன் அறையில் மற்றோர் ஓசை கேட்டது. ஓடிப் பார்த்தோம். அவன் தலையணையின் மேல் தோணி மூன்று துண்டாகக் கிடந்தது. ஆணி சுவரில் அப்படியே இருந்தது. துருப்பிடித்த கொண்டை ஊசியும் அந்த ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. தம்பியை இழுத்து அணைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மௌனத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மாலையில் எங்கள் தெருக் கொத்தனார் மாமா வந்தார். துண்டுகளைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாப்பா, மூஞ்சிக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கியே, முதுகை ஒரு தடவையாவது பார்த்தியா?" என்று கேட்டார். இக்கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

அதே கண்காட்சியில் என் வகுப்புத் தோழி ஒருத்தி ஒரு மீன் செய்து வைத்திருந்தாள். அழகில் சுமாரானதுதான், செதில்கள் ஒழுங்காக அமையவில்லை. ஆறுதல் பரிசு கூட அதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவள் அப்பா மரவேலை செய்பவர். அவர் சொல்லிக் கொடுத்தபடி முதுகில் இரண்டு பித்தளை வளையங்களைப் பதித்து, பின்புறத்திற்கும் இரண்டு பூச்சு வண்ணம் அடித்திருந்தாள். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் நம் மாவட்டத்தைப் பெருமழை புரட்டிப் போட்டதே, அப்போது அவள் வீட்டிற்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சுவரெல்லாம் ஈரம் ஏறி ஊறிப் போயிற்று. தண்ணீர் வடிந்த பின் நான் அங்கே சென்றபோது அந்த மீன் தன் இடத்தில், சிறிதும் சாயாமல், தொங்கிக்கொண்டிருந்தது. பரிசு பெற்ற என் தோணி எங்கே? பரிசு பெறாத அந்த மீன் எங்கே?

ஆகவே என் கருத்து இதுதான்: சுவர் அலங்காரத்தின் முகம் அதன் அழகு, முதுகு அதன் நேர்மை. முகத்தை மட்டும் பார்த்துப் பரிசளிக்கும் வழக்கத்தை நாம் மாற்ற வேண்டும். இதை வெறும் ஆசையாகச் சொல்லாமல், காரணங்களோடு சொல்ல முயல்கிறேன்.

முதலில் இந்தச் சாந்தின் இயல்பை அறிந்துகொள்வோம். பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் ஜிப்சம் என்னும் கனிமத்தை ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வறுத்தால், அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு வெளியேறி வெண்ணிறப் பொடி கிடைக்கிறது. பாரிஸ் நகரின் மோன்மார்த்ருக் குன்றில் இக்கனிமம் ஏராளமாக வெட்டப்பட்டதால் இதற்குப் பாரிஸ் சாந்து என்று பெயர் வந்தது. 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரச் சிற்பிகள், தேவ அன்னையும் பாலன் இயேசுவும் அமைந்த புடைப்புச் சிற்பங்களை இத்தகைய சாந்தில் வார்த்து வண்ணம் தீட்டினர். பளிங்குச் சிற்பம் வாங்க வசதியில்லாத இல்லங்களின் சுவர்களையும் அவை அலங்கரித்தன. அவற்றுள் சில இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. எளிய சாந்தும் கவனமாகக் கையாண்டால் ஐந்நூறு ஆண்டு வாழும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பொடியோடு நீர் சேரும்போது, இழந்த நீரை அது மீண்டும் பெற்று ஜிப்சமாகவே இறுகுகிறது. 100 கிராம் பொடி இறுகுவதற்கு உண்மையில் வேண்டிய நீர் ஏறத்தாழ 19 கிராம்தான். ஆனால் அவ்வளவு நீரில் அது அச்சுக்குள் ஓடாது. எனவே நாம் 60 அல்லது 70 கிராம் நீர் சேர்க்கிறோம். மீதி நீரெல்லாம் உள்ளேயே தங்கிப் பின் மெல்ல மெல்ல ஆவியாகிறது. ஒரு கிலோ பொடியும் 650 கிராம் நீரும் கலந்து ஊற்றினால், அன்று அதன் எடை 1,650 கிராம். முற்றும் உலர்ந்த பின் ஏறத்தாழ 1,190 கிராம்தான். அதாவது நானூறு கிராமுக்கு மேல் தண்ணீர் வெளியேற வேண்டும். தொட்டுப் பார்த்தால் உலர்ந்தது போலவே தோன்றும். உள்ளே ஈரம் இருக்கும். அந்த ஈரத்தின் மேல் வண்ணம் பூசினால் அது உரியும். கொக்கியை ஒட்டினால் அது கழன்று வரும். நாள்தோறும் ஒரு முறை தராசில் வைத்துப் பாருங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால்தான் அது உலர்ந்ததென்று பொருள். ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். கண்காட்சிக்கு முந்தின வாரம் அவசரம் அவசரமாக வார்ப்பது நம் வழக்கம். அந்த அவசரமே முதல் குற்றம்.

இரண்டாவது, எடை. ஒரு சாண் அகலமும் அதைவிடச் சற்று அதிக நீளமும் கொண்ட பலகையை, அதாவது 20 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் அளவில், 2 சென்டிமீட்டர் கனத்தில் வார்த்தால், உலர்ந்த பின்னும் அது ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு கிலோ அரிசிப் பையை ஒரு கொண்டை ஊசியில் கட்டி, குழந்தை தூங்கும் இடத்திற்கு மேலே தொங்கவிடுவோமா? மாட்டோம். ஆனால் அழகான வண்ணம் பூசிவிட்டால் அதையே செய்கிறோம்.

மூன்றாவது, கொக்கி. பாரிஸ் சாந்து அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. நேராகக் குத்திய கம்பி, வழுவழுப்பான துளையிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். ஆகவே கம்பியை வளையமாக மடித்து, அதன் இரு கால்களையும் நன்றாக இருபுறமும் விரித்து, முனைகளை வளைத்துவிட வேண்டும். அந்தக் கால்களின் மேல் ஒரு கைப்பிடி தேங்காய் நாரையோ, சாக்குத் துண்டையோ, பழைய கொசுவலைத் துண்டையோ சாந்தில் தோய்த்துப் போர்த்த வேண்டும். கூரைப் பலகை வார்க்கும் தொழிலாளர்கள் நாரைச் சேர்ப்பதும் இதே காரணத்திற்காகத்தான். பலகையில் விரிசல் விட்டாலும் துண்டுகள் கீழே விழாமல் நார் பிடித்துக்கொள்ளும்.

இதற்கென ஒரு நேரம் உண்டு. சாந்து தோசை மாவு போல் இருக்கும்போது வளையம் மூழ்கிப் போகும்; கல்லாக இறுகிய பின் அது உள்ளே இறங்காது. கெட்டித் தயிர் போல் வரும் அந்த இரண்டொரு நிமிடமே ஏற்ற நேரம். எனவே வளையமும் நாரும் சாந்தைக் கரைப்பதற்கு முன்பே வெட்டித் தயாராகப் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் செய்தது போல் பிறகு நினைத்துக்கொள்வது கூடாது.

கம்பி எதுவாக இருக்க வேண்டும்? இரும்பு வேண்டவே வேண்டாம். சிமெண்டுக்குள் இரும்பு பாதுகாப்பாக இருக்கும் என்பர். பாரிஸ் சாந்துக்குள் அவ்வாறன்று. ஈரச் சாந்தில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். உப்புக் காற்று வீசும் நம் ஊரிலோ சொல்லவே வேண்டியதில்லை. துரு முதலில் கம்பியைத் தின்னும். பின் பழுப்புக் கறையாக முகத்திலும் எட்டிப் பார்க்கும். பித்தளைக் கம்பி அல்லது செம்புக் கம்பியே நல்லது. மின்வேலை செய்பவர்கள் வெட்டிப் போடும் தடித்த செம்புக் கம்பித் துண்டைக் கேட்டு வாங்கினால் செலவும் இல்லை.

நான்காவது, நேராகத் தொங்குதல். ஒரே வளையத்தில் மாட்டிய பலகை, கதவை ஓங்கிச் சாத்தினாலும் ஒட்டடை அடித்தாலும் ஒரு பக்கம் சாயும். நாம் அதை நேராக்குவோம். மறுநாள் மீண்டும் சாயும். இரண்டு வளையங்களை ஒரே மட்டத்தில், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் சம தூரத்தில், மேலிருந்து கால் பங்கு உயரத்திற்குள் பதித்து, சுவரிலும் இரண்டு ஆணி அடித்து மாட்டினால் அது சாயவே சாயாது. வளையங்கள் ஈர்ப்பு மையத்திற்கு நன்கு மேலே இருக்க வேண்டும் என்பது இயற்பியல் ஆய்வகத்தில் அட்டையையும் தூக்குக்குண்டையும் வைத்து நாம் கண்டறிந்ததுதானே? அந்தப் பாடத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியதோடு விட்டுவிட்டோம்!

இரு வளையங்களுக்கும் இடையே கயிறு கட்டி ஒரே ஆணியில் மாட்டுவோரும் உண்டு. அவர்கள் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினால் பத்திரம் என்று எண்ணுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. கயிறு கிடைமட்டத்தோடு 30 பாகை சாய்ந்திருந்தால், கயிற்றின் ஒவ்வொரு பக்கமும் பலகையின் முழு எடைக்குச் சமமான இழுவையைத் தாங்கும். விறைப்பாகக் கட்டி 10 பாகையாக்கினால் அந்த இழுவை எடையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும். ஒரு கிலோ பலகை ஒவ்வொரு வளையத்தையும் மூன்று கிலோ கனத்தில் உட்புறமாக இழுக்கும். கயிறு தளர்ந்திருப்பதே வளையத்திற்கு நல்லது.

இன்னும் ஒரு சிறு செய்தி. முதுகு மேடும் பள்ளமுமாக இருந்தால் பலகை சுவரோடு பொருந்தாது. சாந்து இறுகத் தொடங்கும்போதே அடிக்கோலால் ஒரே சீராக வழித்துவிட வேண்டும். வளையத்தின் கனத்தால் மேற்பகுதி முன்புறம் தள்ளி நிற்கும். கீழ் மூலைகள் இரண்டிலும் பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய சிறு துண்டுகளை ஒட்டினால் பலகை சுவருக்கு இணையாக நிற்கும். சுவரிலும் கீறல் விழாது. பின்னால் காற்றும் உலவும். முற்றும் உலர்ந்த பின் முதுகுக்கும் வண்ணம் பூசினால் சுவரின் ஈரம் அவ்வளவு எளிதில் உள்ளே ஏறாது.

இவ்வளவும் செய்ய என்ன செலவாகும்? கால் மணி நேரமும், ஒரு சாண் கம்பியும், கைப்பிடி நாரும். பாய்மரத்தின் மடிப்புகளுக்கு நான் இரண்டு மாலைகளைச் செலவிட்டேன். தம்பியின் தலைக்காகக் கால் மணி நேரம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி நான் முன்வைக்கும் வேண்டுகோள்களுக்கு வருகிறேன். மதிப்பிற்குரிய தலைமைச் சகோதரி அவர்களும், ஆசிரியைகளும், பெற்றோரும் இவற்றைப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன்.

ஒன்று: சுவர் அலங்காரங்களைச் சுவரிலேயே மாட்டி வைத்து மதிப்பிட வேண்டும். கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்னதாகவே பள்ளித் தாழ்வாரத்தில் அவை தொங்கட்டும். நம் தாழ்வாரத்தில் கடற்காற்றும் உண்டு. கதவுகள் அறையும் ஓசையும் உண்டு. ஆறாம் வகுப்புத் தங்கைகளின் ஓட்டமும் உண்டு. இவற்றை விடக் கண்டிப்பான நடுவர் யார்? தரையில் யாருக்கும் தீங்கு வராதபடி, நடைபாதையை விட்டு ஒதுங்கிய பக்கத்தில் தாழ்வான உயரத்தில் மாட்டினால் போதும். ஒரு மாதம் சாயாமல் நின்றவற்றுள் அழகானதைத் தேர்ந்தெடுப்போம்.

இரண்டு: நூறு மதிப்பெண்ணில் நாற்பதையாவது முதுகிற்கு ஒதுக்க வேண்டும். நடுவர் பலகையைத் திருப்பிப் பார்க்கட்டும். வளையம், சமன், உலர்ச்சி, பூச்சு ஆகிய நான்கிற்கும் பத்துப் பத்தாக மதிப்பெண் இடட்டும்.

மூன்று: தான் செய்த பலகைக்கான ஆணியைத் தானே அடிக்க ஒவ்வொரு மாணவிக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும். இதைச் சற்று விளக்கிச் சொல்ல விரும்புகிறேன். பூ வேலை, தையல், வண்ணம் எல்லாம் பெண்ணுக்கு. சுத்தியலும் துளையிடும் இயந்திரமும் அண்ணனுக்கோ அப்பாவுக்கோ என்பதே பல வீடுகளில் இன்னும் வழக்கம். என் தோணியைச் சுவரில் மாட்டியவர் என் பெரியப்பா மகன். அண்ணன் ஆணியைச் சரியாகத்தான் அடித்தார். ஆனால் முதுகில் இருப்பது என்னவென்று அவர் அறியார். முதுகில் இருப்பதை அறிந்த எனக்கோ ஆணியைப் பற்றித் தெரியாது. செய்தவள் ஒருத்தி, மாட்டியவர் ஒருவர். இடையில் பொறுப்பு யாரிடமும் இல்லை. விழுந்தது அந்த இடைவெளியில்தான். பூச்சில் மட்டும் நிற்கும் ஆணி எது, செங்கல்லில் நிற்கும் ஆணி எது, எங்கே துளையிட்டு ஆப்பு வைத்துத் திருகாணி முடுக்க வேண்டும், மட்டம் பார்ப்பது எப்படி என்பவற்றை ஒரு பாடவேளையில் கற்றுவிடலாம். மின்கம்பி செல்லும் தடத்தில் துளையிடக் கூடாது என்பதையும் அதனுடன் கற்க வேண்டும்.

இவ்வேண்டுகோள்களுக்கு மறுப்புகள் எழலாம் என்பதை அறிவேன்.

"கலைக்கு முதலிடம் அழகுதானே? குழந்தைகளின் கற்பனையைக் கம்பிக்கும் நாருக்கும் அடிமையாக்கலாமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வளையம் பதிக்கும் கால் மணி நேரத்தில் எந்தக் கற்பனையும் வாடிவிடாது. தரையில் உடைந்து கிடக்கும் அழகை யார் பார்த்து மகிழ முடியும்? அழகை நீண்ட நாள் வாழ வைப்பதும் கலையின் ஒரு பகுதியே என்பது என் துணிபு.

"பள்ளிச் சுவரெல்லாம் துளையாகிவிடுமே!" என்று கவலைப்படுவோரும் உண்டு. தாழ்வாரச் சுவரில் நீண்ட மரச்சட்டம் ஒன்றைக் கொத்தனாரைக் கொண்டு ஒரே முறை பொருத்திவிட்டால், ஆண்டுதோறும் அதிலேயே ஆணி அடிக்கலாம். சுவரும் பிழைக்கும், மாணவிகளுக்குப் பயிற்சியும் கிடைக்கும்.

"பிள்ளைகளுக்கு அடிபடுமே" என்பது மூன்றாவது மறுப்பு. இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனெனில் உண்மையான ஆபத்து சுத்தியலை விடச் சாந்து வாளியில்தான் அதிகம். சாந்து இறுகும்போது சூடு பிறக்கிறது. பெரிய அளவில் கலக்கினால் 60 பாகை வரை சூடேறும். 2007-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி, தன் கைகளின் வடிவத்தை வார்க்க எண்ணி, சாந்துக் கலவைக்குள் இரு கைகளையும் வைத்தாள். இறுகிய சாந்து கைகளை விடவில்லை. அந்தச் சூட்டினால் தன் விரல்களில் பெரும்பாலானவற்றை அவள் இழந்தாள். எனவே கையையோ முகத்தையோ எவரும் ஒருபோதும் சாந்துக்குள் புதைக்கக் கூடாது. தண்ணீரில் பொடியைத் தூவுவதே முறை. பொடியின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. தூவியது சிறு சிறு தீவுகளாக மேலே நின்றதும் நிறுத்தி, இரண்டு நிமிடம் ஊற விட்டு, கரண்டியால் மெல்லக் கிளறினால் குமிழியும் வராது. பொடி மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்வோம். மிஞ்சியதைத் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் கல்லாகிவிடும். வாளியிலேயே இறுகவிட்டு உதிர்த்தெடுப்போம். அடிபடும் என்று அஞ்சிக் கற்பிக்காமல் விடுவதை விட, அடிபடாமல் செய்யக் கற்பிப்பதே பள்ளிக்குரிய பணியல்லவா?

அன்புத் தோழியரே! நம் வாழ்விலும் முகத்திற்காக நாம் செலவிடும் நேரம் அதிகம். பிறர் காணாத பக்கத்திற்காகச் செலவிடும் நேரம் குறைவு. தேர்வுத்தாளின் முதற்பக்கத்தை மணிமணியாக எழுதி, கடைசிப் பக்கத்தில் கிறுக்குகிறோம். விருந்தினர் வரும் அறையைக் கூட்டி, கட்டிலின் அடியில் குப்பையைத் தள்ளுகிறோம். இதைப் பிறருக்கு அறிவுரையாகச் சொல்லவில்லை. உடைந்த தோணியின் சொந்தக்காரியாகச் சொல்கிறேன்.

அந்தத் தோணியின் மூன்று துண்டுகளையும் நான் எறிந்துவிடவில்லை. என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். சென்ற விடுமுறையில் அதே வடிவத்தில் வேறொரு தோணி வார்த்தேன். இம்முறை முதலில் செய்தது முதுகிற்கான வளையங்களை. பன்னிரண்டு நாள் தராசில் நிறுத்துப் பார்த்த பின்பே வண்ணம் தொட்டேன். கொத்தனார் மாமா பக்கத்தில் நின்று ரசமட்டத்தைப் பிடித்துக்கொள்ள, இரண்டு துளைகளையும் நானே இட்டேன். பாய்மரத்தின் மடிப்புகள் முன்னைப் போல் அழகாக அமையவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மாட்டி முடித்ததும் அம்மா வந்து பார்த்தார்கள். பலகையின் கீழ் விளிம்பைக் கையால் பிடித்து, மெல்ல ஒரு முறை இழுத்துப் பார்த்தார்கள். அது அசையவில்லை. பிறகு தம்பியைக் கூப்பிட்டு, "உன் பாயை இங்கேயே போட்டுக்கோ" என்றார்கள்.

நான் பெற்ற பரிசுகளுள் பெரிய பரிசு அதுவே. அத்தகைய பரிசை நம் பள்ளியும் கொடுக்கத் தொடங்கட்டும்.

— மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவி